ரவைத் தட்டும் நாற்பத்தாறு மதிப்பெண்ணும்

1998 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மூடுபனி விலகவில்லை. வரும் வழியில் கரியாஹாட் முனையில் டிராம் வருவதை மணியோசையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கழுத்தில் மப்ளரை இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். மூன்று சுற்றியிருக்க வேண்டும். அன்று பிடித்த தொண்டைக்கட்டு ஒன்பது நாள் விடவில்லை.

பத்து இருபதுக்கு நான் ஒரு நர்சரி வகுப்பின் பின்பக்கம், நாலு வயதுக் குழந்தைக்காகச் செய்த நாற்காலியில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நர்சரி ஆசிரியைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். அன்று செய்முறைத் தேர்வு. பயிற்சி மாணவி ஒருத்தி முப்பத்தைந்து நிமிடம் பாடம் நடத்துவாள். நானும், வேறொரு கல்லூரியிலிருந்து வந்த வங்காளிப் பெண்மணி ஒருவரும் பின்னால் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவோம். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி.

அன்றைய மாணவி தமிழ்ப் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லேக் மார்க்கெட்டில் மளிகையும் காப்பிப்பொடியும் விற்கும் ஒருவரின் மகள். இங்கேயே பிறந்தவள்; தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். ஜாதவ்பூரில் ஒரு பள்ளி, சான்றிதழோடு வந்தால் ஏப்ரல் முதல் வேலை, மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய் என்று அவளிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது இந்த முப்பத்தைந்து நிமிடம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் அப்பா சொல்லித்தான். நான் அந்தக் கடையில் பதினொரு வருடமாகக் காப்பிப்பொடி வாங்குகிறவன். பொங்கலுக்கு முந்தின நாள் போனபோது, பொடியை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

“அரைக் கிலோதானே சார்? சிக்கரி வழக்கம் போலயா?”

“வழக்கம் போலத்தான்.”

“நம்ம பிள்ளைக்கு இருபதாந்தேதி பரீட்சையாம். நீங்கதான் பாக்க வாறியளாம். ஜாதவ்பூர்ல வேலை சொல்லியிருக்காவ. இது முடிஞ்சா சரி.” பொட்டலத்தைக் கட்டி என் பைக்குள் வைத்தார். அதோடு ரெண்டு கணுக் கரும்பையும் செருகினார்.

“இது எவ்வளவு?”

“பொங்கலுக்கு எல்லாருக்கும் குடுக்கது சார். கரும்புக்குப் போய் வெலை கேப்பாங்களா?”

எனக்குப் பின்னால் நின்ற அம்மாளுக்கும் கரும்பு கொடுத்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றைத் தராசின் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தேன். அவர் கூப்பிட்டார், திரும்பவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கரும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காசு வச்சுட்டு வந்தேளா? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுண்டு அந்தக் கடைக்குப் போறது?”

“பரீட்சைக்குப் போறவன் நான். ஒண்ணும் வாங்கப்படாது.”

“கரும்ப வாங்கிண்டு மார்க் போட்டார்னு உங்கள யாரு சொல்லப்போறா? நீங்கதான் சொல்லிண்டிருக்கேள்.”

யாரும் சொல்லவில்லை என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. இரண்டு வருடம் முன்பு ஒரு தமிழ்ப் பெண் கல்லூரியில் முதலாவதாக வந்தபோது, ஆசிரியர் அறையில் ஒரு சக விரிவுரையாளர், வங்காளத்துச் சமோசாவான சிங்காராவைக் கடித்துக்கொண்டே, “உங்க ஊர்க் கணக்கே தனிக் கணக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணின் ஒரு தாளைக்கூட நான் திருத்தியதில்லை. சொன்னவர் சிங்காராவோடு அதையும் மறந்திருப்பார். நான் இரண்டு வருடம் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வீட்டுக் குழந்தைகள் ஒன்றாக உட்காரும் நகரத்து வகுப்புக்கு ஆசிரியைகளைத் தயார் செய்வது என்ற பாடத்தை அந்தக் கல்லூரியில் கொண்டுவந்தவனே நான்தான். பதினான்கு விரிவுரைகள். சைக்ளோஸ்டைல் செய்த குறிப்பு நாற்பத்தொரு பக்கம். மாணவிகள் அதற்குக் கிச்சடிப் பாடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குக் காதில் விழும்படியே சொல்வார்கள். அன்று தேர்வு நடந்த வகுப்பிலிருந்த இருபத்தொன்பது குழந்தைகள் வீட்டில் ஏழு மொழி பேசினார்கள் என்று கணக்கெடுத்துச் சொன்னவனும் நான்தான். முதல் விரிவுரையிலேயே, குழந்தையை வாசலில் விட வரும் தாயிடம் கேட்க வேண்டியவை என்று பதினொரு கேள்விகள் கொடுப்பேன். தண்ணீருக்கு வீட்டில் என்ன சொல் சொல்கிறது, எதைச் சாப்பிடாது, எந்த நாளில் பள்ளிக்கு வராது, யார் தூக்கினால் அழாது, இப்படி. தேர்வு மதிப்பெண் படிவத்தில் ‘ஒரு குழந்தையும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுதல்: இருபது’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி இரண்டு கூட்டங்களில் வாதாடியதும் நான்தான்.

பாடம் பத்து இருபதுக்குத் தொடங்கியது. பண்டிகையில் என்ன சாப்பிட்டோம் என்பது பேச்சு. மாணவி தரையில் பாயில் உட்கார்ந்து, வங்காளத்திலும் இந்தியிலுமாகக் கேட்டாள். ஒரு பையன் பிட்டே என்றான், வங்காளிகள் சங்கராந்திக்குச் செய்யும் பலகாரம். ஒரு மார்வாடிக் குழந்தை எள்ளுருண்டை என்றது. ரம்ஜான் மாதம் அது. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை, “எங்க வீட்டுல இருட்டுல எழுந்து சாப்பிடுவாங்க. நானும் எழுந்துப்பேன். எனக்கு மட்டும் காலையில திரும்பவும் தருவாங்க” என்று பெருமையடித்துக்கொண்டது. மற்ற குழந்தைகள் பொறாமையோடு பார்த்தன. அவள் எல்லாருக்கும் முகம் கொடுத்தாள். குரல் கொஞ்சம் கட்டை. சுவரில் மாட்டிய படங்களில் ஒன்று ஓரம் கிழிந்திருந்தது. நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது எழுத்து. ஆறு தட்டுகளில் ரவையைப் பரப்பிக் கொண்டுவந்திருந்தாள். ஆங்கிலத்தின் முதல் எழுத்தை விரலால் ரவையில் இழுக்க வேண்டும். குழந்தைகள் தட்டைச் சுற்றி உட்கார்ந்தன. அப்போது பார்த்தேன், நான்கு குழந்தைகளை மட்டும் ஜன்னலோரப் பாயில் தனியாக உட்கார வைத்து, மணியும் கயிறும் கொடுத்துக் கோக்கச் சொல்லியிருந்தாள். அதில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண் குழந்தை ரவைத் தட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. இரண்டரை நிமிடம் அழுதது. மாணவி போய் அதன் முன்னால் ஒரு கிண்ணம் ரவையும் ஒரு காலிக் கிண்ணமும் கரண்டியும் வைத்து, இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்று என்று காட்டினாள். அழுகை நின்றது. ஆனால் எழுத்தை அந்த நான்கும் தொடவில்லை. பாடத்திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவள் எழுதவில்லை.

பாடம் முடிந்த பிறகு பக்கத்து அறையில் கேள்வி கேட்போம். பினாயில் வாடை அடிக்கும் சின்ன அறை. வங்காளிப் பெண்மணியை நான் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அவர் என்னை மாஸ்டர்மொஷாய் என்பார். திதி பலகாரப் பேச்சைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு நான் ஆங்கிலத்தில் கேட்டேன்: நான்கு குழந்தைகளை ஏன் ஒதுக்கி வைத்தாய்?

“ஒதுக்கல சார். அவங்களுக்கு இன்னும் ஹாதேகொரி ஆகல” என்றாள்.

வங்காளிகளுக்குச் சரஸ்வதி பூஜை நம்மைப் போல நவராத்திரியில் வருவதில்லை. குளிர் முடியும்போது ஒரு பஞ்சமியில் வரும். அன்று குழந்தையை மடியில் வைத்து, கையைப் பிடித்து, சிலேட்டில் முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். அதற்குத்தான் ஹாதேகொரி என்று பெயர். அந்த வருடம் பூஜைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

“வாசல்ல கேட்டேன் சார். அந்த நாலு அம்மாவும், பூஜைக்கு அப்புறம் எழுதட்டும், அதுவரைக்கும் விளையாடட்டும்னாங்க. மத்த வங்காளி வீடுகள்ல போன வருஷமே ஆயிடுச்சு, இல்லேன்னா பாக்கறதில்ல.”

“என் பதினொரு கேள்விகளில் இது இல்லையே.”

“இல்ல சார். நானா சேத்துக்கிட்டேன்.”

“வகுப்பில் ஆசிரியை யார்? நீயா, தாய்மார்களா?”

அதுவரை ஆங்கிலத்தில் பேசியவள் தமிழுக்கு மாறினாள். அதுதான் அவள் செய்த ஒரே பிசகு என்று அன்று நினைத்தேன்.

“நம்ம வீடுகள்லயும் விஜயதசமிக்கு ஏடு தொடங்காம எழுத விடமாட்டாங்கல்ல சார்? உங்க வீட்லயும் அப்படித்தானே?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் மகளுக்கு மூன்று வயதானபோது, நர்சரியில் பென்சில் கொடுக்கக்கூடாது, விஜயதசமி வரட்டும் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தட்டில் அரிசியைப் பரப்பி அவள் விரலைப் பிடித்து எழுத வைத்ததும் நான்தான். அதெல்லாம் அந்தப் பினாயில் வாடைக்கு நடுவில் ஞாபகம் வந்தது. ஆனால் எனக்குக் கேட்டதெல்லாம் ‘நம்ம’ என்ற சொல் ஒன்றுதான். திதியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரியாத பாஷையில் தேர்வாளரும் மாணவியும் பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

“ஆங்கிலத்தில் பதில் சொல்” என்றேன்.

அவள் அதையே ஆங்கிலத்தில் சொல்ல முயன்றாள். சரியாக வரவில்லை. போகலாம் என்றேன்.

இரண்டு தேர்வாளர்களும் தனித்தனியே பென்சிலில் போட்டுவிட்டு, பேசி ஒரே மதிப்பெண்ணாக மையில் எழுதித் தர வேண்டும் என்பது முறை. நான் கூட்டினேன். மற்ற வரிகளில் எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு. நான் சேர்த்த அந்த இருபது மதிப்பெண் வரியில் நான்கு கொடுத்தேன். குழந்தைக்கு ஒன்று வீதம் கழித்தால்கூட நான்குதான் போயிருக்கும்; நான் கழித்தது பதினாறு. குழந்தைக்கு நாலு, நாலு நாலு பதினாறு என்று அன்று எனக்கு ஒரு கணக்கு வந்தது. மொத்தம் நாற்பத்தாறு.

“நீங்கள் முதலில் சொல்லுங்கள் மாஸ்டர்மொஷாய்” என்றார் திதி வங்காளத்தில். “உங்கள் மாணவி. உங்கள் ஊர்ப் பெண். இந்தப் பாடத்தை எழுதினவரும் நீங்கள்.”

“நாற்பத்தாறு.”

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நாற்பத்தாறா?”

“பாடத்திட்டத்தில் இல்லாததைச் செய்தாள். நான்கு குழந்தைகள் எழுத்தைத் தொடவில்லை. ஊர்ப் பெண் என்றால் விட்டுவிட முடியுமா?”

“உங்களுக்குத் தெரியாததா” என்று ரப்பரை எடுத்துத் தன் தாளில் எதையோ அழித்தார். அழித்த துகளை ஊதித் தள்ளினார். நாற்பத்தாறு என்று மையில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பும்போது டிராமில் உட்கார இடம் கிடைத்தது. ஒரு தமிழனே தமிழ்ப் பெண்ணைத் தேர்ச்சியில்லாமல் செய்ததை ஒரு வங்காளி நேரில் பார்த்துவிட்டார் என்ற நினைப்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது அந்த நிமிர்ந்த முதுகுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசுகிறது.

பிப்ரவரி மூன்றாம் வாரம் முடிவுகளைப் பலகையில் ஒட்டினார்கள். இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் தேர்ச்சி. காப்பிப்பொடி தீர்ந்து நான்கு நாள் ஆகியும் கடைக்குப் போகவில்லை. கரியாஹாட்டில் வேறொரு கடையில் கால் கிலோ வாங்கினேன். மண் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் மனைவி பையைக் கையில் கொடுத்தாள்.

கல்லாவில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா தராசில் இருந்தார்.

“வாங்க சார். ரொம்ப நாளாச்சே. அரையா?”

“அரை.”

பக்கத்தில் அப்பளக் கட்டை எண்ணிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் தெருக்காரர், கேட்டார்: “என்னம்மா, டீச்சராப் போறேன்னு சொன்ன, கல்லாவுல உக்காந்துட்ட?”

“இங்கயும் கணக்குப் பாடந்தான் மாமா. முப்பத்தி ரெண்டு ரூபா எடுங்க” என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் அப்பா பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“பரவால்ல சார். பாடம் சரியில்லன்னா ஃபெயில்தானே போடணும். நம்ம ஆளுன்னு பாத்தா நாளைக்கி உங்களுக்குல்லா கெட்ட பேரு.”

நான் எனக்குள் சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள். அவர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டே பணத்தைக் கல்லாவில் வைத்தேன். அவள் மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தாள். “சரியா இருக்கா பாத்துக்கங்க சார்” என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் மாதம் விடைத்தாள் திருத்தும் கூட்டம் ஒன்றில் திதியை மறுபடி சந்தித்தேன். மண் குவளையில் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வராந்தாவில் நின்று குடித்தோம்.

“அந்த ரவைத் தட்டுப் பெண் என்ன செய்கிறாள்?” என்று கேட்டார்.

“கடையில் உட்கார்ந்திருக்கிறாள். ஜாதவ்பூரில் ஒரு வேலை இருந்தது. சான்றிதழ் இல்லாமல் எப்படிச் சேர்ப்பார்கள்?”

“அடடா” என்றார். “என் மாணவிகளிடம் அந்தப் பாடத்தைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் தங்கை பையனை அவன் பள்ளியில் பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் எழுத வைத்துவிட்டார்கள். அவள் மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. வங்காளி டீச்சருக்கே தோன்றவில்லை. இந்த மதராஸிப் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறதே என்று நான் எழுபத்தொன்று போட்டிருந்தேன்.”

“பிறகு ஏன் நாற்பத்தாறுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்?”

“நீங்கள் அல்லவா முதலில் சொன்னது? அவளைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். அவள் ஊர்க்காரர். நீங்களே நாற்பத்தாறு என்னும்போது வெளியாள் நான் எழுபத்தொன்று என்றால் உங்களுக்கு மரியாதையாக இருக்குமா? வகுப்பில் வேறு ஏதோ மோசமாக நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.” டீயை ஒரு வாய் குடித்தார். “உண்மையைச் சொன்னால், உங்கள் இரண்டு வீட்டுக்கும் ஏதாவது கல்யாணப் பேச்சு முறிந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் யாருக்காக அந்த நாற்பத்தாறைப் போட்டேனோ அவரே எழுபத்தொன்று வைத்திருந்தார். நான் அவருக்குப் பயந்தேன். அவர் எனக்கு மரியாதை கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் ஏப்ரல் மாதம் போய்விட்டது.

மறுநாள் முதல்வரிடம் போனேன். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த வங்காளி. மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும், என் தவறு என்றேன். முழுக்கக் கேட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“போன மாதம் ஃபெயில் என்றீர்கள். இந்த மாதம் பாஸ் என்கிறீர்கள். நடுவில் காப்பிப்பொடி எத்தனை கிலோ வந்தது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இரண்டு வருடமாக எதற்குப் பயந்து ஓடினேனோ, அதை வாங்கிக்கொள்ள நானே அவர் அறைக்கு நடந்து போயிருந்தேன். வாங்கிக்கொண்டேன்.

மையில் எழுதியதை மாற்ற முடியாது என்றார். தேர்வாளரே தன் தீர்ப்பு தவறு என்று எழுதிக் கொடுத்தால், ஜூலையில் வெளியாட்கள் இருவரை வைத்து மறுதேர்வு நடத்தலாம். கட்டணமும் தேர்வாளர்களின் போக்குவரத்துச் செலவும் மாணவி கட்ட வேண்டும். எழுதிக் கொடுத்தேன். ஏழு வரி. அதைப் படித்துவிட்டு, அடுத்த வருடம் அந்தப் பாடத்தை வேறொருவர் எடுக்கட்டும் என்றார். சிங்காரா சாப்பிட்ட அந்தச் சக விரிவுரையாளர்தான் எடுத்தார். என் நாற்பத்தொரு பக்கக் குறிப்பையே வாங்கிப் போனார்.

கடைக்குப் போனபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. அவள் அப்பா பாங்க்குக்குப் போயிருந்தார். அவள் மட்டும் இருந்தாள்.

“ஜூலைல திரும்ப நடத்தறாங்க. எழுதிக் குடுத்துட்டேன்” என்றேன்.

“என்னன்னு?”

“என் தீர்ப்பு தப்புன்னு.”

“எது தப்பு சார்? அந்த நாலு பேர எழுத விடாததுக்கு மார்க் கொறச்சது தப்பா?”

“அதுவும்.”

“வேற?”

தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நீ தமிழ்ப் பொண்ணுங்கறதால கூடப் போட்டேன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு...”

“அதுக்காகக் கொறச்சுப் போட்டீங்களா?” அவள் குரல் உயரவில்லை. “அப்ப நான் வங்காளியா இருந்தா பாஸா?”

ஒரு குழந்தை வந்து ஐம்பது காசுக்குக் கடலைமிட்டாய் கேட்டது. எடுத்துக் கொடுத்தாள். போனதும் சொன்னாள்:

“ஜாதவ்பூர்ல வேற ஆள் சேந்தாச்சு. திங்கக்கிழமை போய்க் கேட்டேன். ரொம்ப பாவப்பட்டாங்க. ஃபீஸ் நான் கட்ட மாட்டேன் சார். அப்பாவ கேட்டா கட்டிடுவாரு. அதனால அவரக் கேக்காதீங்க.”

“நான் கட்டறேன்.”

“கட்டுங்க. ரசீது என் பேர்ல வாங்குங்க.”

ஜூலையில் வேறு இரண்டு தேர்வாளர்கள் வந்தார்கள். தேர்வு நடந்த பள்ளித் தெருப் பக்கமே நான் போகவில்லை. எழுபது கொடுத்தார்கள். ஆகஸ்டில் அவளுக்குப் பெஹாலாவில் ஒரு சின்ன நர்சரியில் வேலை கிடைத்தது. மாதம் எண்ணூற்று ஐம்பது. இரண்டு பஸ் மாற வேண்டும்.

அவள் அப்பா கடையில் எனக்குப் பொடி நிறுப்பதை நிறுத்தவில்லை. அடுத்த பொங்கலுக்கு எல்லாருக்கும் கரும்பு கொடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. “நீங்க வாங்க மாட்டிய, தெரியும்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

2001இல் வேறு பயிற்சி மாணவிகளைப் பார்வையிட அந்தப் பெஹாலா நர்சரிக்கு என்னை அனுப்பினார்கள். போகாமலிருக்க இரண்டு காரணம் சொல்லிப் பார்த்தேன்; எடுபடவில்லை. எட்டரை மணிக்கு அவள் வாசலில் நின்று குழந்தைகளை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பயிற்சி மாணவிகள். ஒவ்வொரு தாயிடமும் அரை நிமிடம் பேச்சு. ராத்திரி ஜுரம் விட்டதா, பாட்டி ஊருக்குப் போயாச்சா, இன்றைக்கு முட்டை கொடுக்கலாமா.

“வாங்க சார்” என்றாள். பிறகு மாணவிகளிடம் வங்காளத்தில், “வாசல் கேள்விகளை எழுதினது சார்தான்” என்றாள். அவர்கள் என்னை ஆர்வமாகப் பார்த்தார்கள். “எனக்கு உள்ள ஒரு குழந்தைக்குத் துணி மாத்தணும். பத்து நிமிஷம் நீங்க நில்லுங்க சார். இவங்களுக்கும் எப்படிக் கேக்கறதுன்னு தெரியட்டும்.”

போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன். நேபாளி வீட்டுத் தாய் ஒருத்தி, காது மூடிய குல்லாயோடு ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டாள். அவளிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பதினொரு கேள்வியும் வரிசை தப்பாமல் மனப்பாடம். ஆனால் எட்டு வருடம் அதைச் சொல்லிக்கொடுத்த நான், ஒரு நாளாவது ஒரு பள்ளி வாசலில் நின்று ஒரு தாயிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. “குழந்தை நன்றாகத் தூங்கினானா?” என்று என் வங்காளத்தில் கேட்டேன். அந்தத் தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனாள். பின்னால் நின்ற மாணவிகளில் ஒருத்தி அடக்கவில்லை. பத்து நிமிடத்தில் பதினான்கு தாய்மார் வந்தார்கள். எல்லாரிடமும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

அவள் வந்து என் இடத்தில் நின்றுகொண்டாள். “உள்ள போய் உக்காருங்க சார்” என்றாள். போய் உட்கார்ந்தேன்.

ஓய்வுபெற்றுப் பல வருடமாகிவிட்டது. இரவில் தூக்கம் வராதபோது கூட்டிக் கழித்துப் பார்ப்பதை இன்னும் விடவில்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜாதவ்பூர்ச் சம்பளம் ஐயாயிரத்து அறுநூறு ரூபாய். அதன் பிறகு அவள் பெஹாலாவில் வேலை பார்த்த நாலு வருடமும் மாதத்துக்கு ஐந்நூற்று ஐம்பது குறைவு, இருபத்தாறாயிரத்து நானூறு. இதில் பஸ் செலவைச் சேர்க்கவில்லை. அந்த முதல் நாலு மாதத் தொகையையாவது ஒரு உறையில் போட்டுக் கொடுக்கலாமே என்று 1998லேயே நினைத்தேன். அவர்கள் வாங்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை. அது அவளுக்கு ஆன செலவு. எனக்கு ஆனது மறுதேர்வுக் கட்டணம் அறுநூறு, இரண்டு தேர்வாளர்களுக்கும் போக்குவரத்துக்கு நூற்றிருபது வீதம் இருநூற்று நாற்பது, மொத்தம் எண்ணூற்று நாற்பது ரூபாய்.